வீட்டுப் பதிப்பு

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சூசையின் பிடரியில் பதித்த சிப்பில், அவன் பேச்சையும் உடம்பையும் இயக்கும் இரண்டு பதிப்புகள் இருந்தன. வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. புதிய வேலைப் பதிப்பை ஏற்ற இடம் போதவில்லை.

"எதையாவது அழிச்சுட்டு வாலே" என்றார் மேஸ்திரி.

பழைய வேலைப் பதிப்பை அழித்தால், புதியது ஏறும்வரை கூலி கிடையாது. நகல்கூட எடுக்காமல் வீட்டுப் பதிப்பை அழித்தான்.

மாலையில் மனைவி லூர்தம்மாள் மீன்குழம்பு ஊற்றினாள். அவன் எழுந்து கைகட்டி நின்றான். "சரிங்கம்மா, அடுத்து எந்த லோடு?" என்றது வாய். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்குக் காது சுட்டது.

"எதை அழிச்சீக?" என்றாள் லூர்தம்மாள்.

தலை குனிந்தான்.

"எங்களைத்தானா? அப்ப வேலை முடிஞ்சுது, கெளம்புங்க."

கோபத்தில் சொன்ன பேச்சுதான், அவனுக்கும் தெரியும். ஆனாலும் "சரிங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு, அவன் உடம்பு வாசலைத் தாண்டிவிட்டது.