வாய்க்குப் போகுமா

திருவண்ணாமலைத் தியேட்டரில் பகல்காட்சியின் இடைவேளை விளக்கு எரிகிறது. சற்றுமுன் படத்தில், புகார் கொடுக்க வந்தவனை ஏட்டு "ஊரா, காலனியா?" என்று கேட்டார், காலனி என்றதும் பேனாவை மூடிவிட்டு எதிராளியின் கவரை வாங்கிக்கொண்டார். "நெஜமாவே இப்டி கேப்பாங்களா?" என்கிறாள் தங்கம்மாள். அவள் கணவர், ஓய்வுபெற்ற ஏட்டு ராமகிருஷ்ணன், படம் பார்த்து அழுததில் ஈரமான மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். முப்பது வருஷம் அதைக் கேட்டுவிட்டுத்தான் அவரும் பேனாவைத் திறந்தார். பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்ன் பொட்டலத்தை நீட்டுகிறார். "எடுத்துக்குங்க சார்." ஒரு பிடி அள்ளிக்கொண்டு, பேச்சுக்கு, "எந்த ஊரு?" என்கிறார் ராமகிருஷ்ணன். "கீழ்பென்னாத்தூர் பக்கம்." "ஊரா, காலனியா?" கேட்டு முடித்த பிறகுதான் தன் குரல் அவர் காதில் விழுகிறது. "காலனிதான் சார்," என்கிறவர், ராமகிருஷ்ணன் கையிலிருக்கும் பாப்கார்னையே பார்க்கிறார், அது வாய்க்குப் போகுமா என்று.