மூத்த மகன் வரவில்லை

"இன்னிக்குமா கூட்டத்தைக் கூட்டிட்டு வருவீங்க? வீட்ல திதி!" வாசலை மறித்தாள் தூயென்.

"கப்பல் இன்னிக்கு மட்டும்தான் நிக்குது. அஞ்சே நிமிஷம்" என்றார் கைடு குவாங்.

கப்பல் பயணிகள் முப்பது பேர் ஹுவே நகரின் அந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தார்கள். படையலைப் படம் எடுத்தார்கள்.

குவாங் மைக்கில் விளக்கினார். "இறந்தவரோட மூத்த மகன்தான் முதல் ஊதுவத்தி ஏத்தணும். அதுவரைக்கும் வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க. எங்க ஊர் வழக்கம்."

"மணி ரெண்டாச்சே! குழந்தைங்க பசியில வாடுதுங்க. எங்க அந்த மகன்? பெத்த அப்பாவைவிட அப்படி என்ன பெரிய வேலை அவனுக்கு?" வயதான பெண் பயணி ஒருவர் ஆங்கிலத்தில் கொதித்தார்.

தூயென் மூன்று ஊதுவத்திகளைக் குவாங்கின் கையில் திணித்தாள்.

"அந்தம்மா பாஷை தெரியாத எனக்கே அவங்க கேட்டது புரியுது. நம்ம அப்பா முன்னால நின்னு பதில் சொல்லுங்கண்ணா!"