புங்கந்தழை

அடிவாரத்துக் கன்னியம்மன் கல்லின்மேல் ஒரு தழைகூட இல்லை.

குனிந்து தரையையும் பார்த்தேன். துடைப்பம் போட்ட கோடுகள் மட்டும் இருந்தன.

மலையேறுகிறவர் ஒரு தழையை ஒடித்து அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். இறங்கியதும் தன் தழையை எடுத்து வீசிவிடுவார். வீட்டுக்கு ஒரு மரம், எங்களுடையது புங்கம். பொழுது சாய்ந்தும் கல்லில் தழை இருந்தால், மலையில் ஆள் இருக்கிறது என்று ஊரே தேடிப் போகும்.

கல் வெறுமையாக இருந்தது. அப்படியானால் என் கணவர் இறங்கிவிட்டார்.

ஆனால் பொழுது சாய்ந்தும் வீட்டுக்கு வரவில்லை.

அந்த எழுபத்து மூன்றில்தான் கும்மிடிப்பூண்டி ரோட்டிலிருந்து மலையடிவாரத்துக்குக் கார்கள் வரத் தொடங்கின. மெட்ராஸ்காரர்கள் அருவியில் குளித்தார்கள். மலை மொட்டையாகிறது, இனி விறகு வெட்டாதே என்றது அருவிக் கமிட்டி. மொட்டையடித்தது நாங்கள்தான், பொய்யில்லை. ஆனால் அந்த விறகைப் பொன்னேரியில் விற்றுத்தான் எங்கள் உலை கொதித்தது. பிறகு கமிட்டியே அவருக்கு ஒரு காக்கிச் சட்டையும் சாக்கும் கொடுத்தது. வெட்டிய மலையையே பெருக்கினார்.

முன்பு என்னோடு விறகு சுமந்த கங்கம்மா பின்னால் வந்து நின்றாள்.

"இன்னாடி தேடறே? தழ இல்லேன்னா எல்லாம் எறங்கியாச்சுன்னு அர்த்தம். காக்கிச் சட்ட ஜோருல உன் ஊட்டுக்காரரு எவளாவது மெட்ராஸ்காரி காருல ஏறிக்கினு பூட்டாரோ இன்னாவோ!"

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கல்லை நம்புவதா, ஆள் வராத வீட்டை நம்புவதா? ஊர் கல்லை நம்பியது. யாரும் தேடப் போகவில்லை.

மறுநாள் காலையில் அருவிப் பாறைக்குக் கீழே கிடந்தார். வழுக்கியிருக்க வேண்டும். எப்போது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சாக்கு மட்டும் பாறைமேல், வாய் கட்டியபடி இருந்தது.

அன்றைக்குப் பெரிய மனிதர்கள் அருவி பார்க்க வருவதாக இருந்ததாம். அடிவாரத்தில் ஒரு செத்தைகூட இருக்கக்கூடாது, அதை முடித்துவிட்டு மேலே போ என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தார்களாம். கமிட்டிக்காரர் ஒருவர் அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்.

கட்டை அவிழ்த்துச் சாக்கைக் கவிழ்த்தேன். பிஸ்கட் காகிதம், சோடா பாட்டில், எச்சில் இலைகள். முதலில் போட்டது கடைசியில்தானே விழும்.

உதறினேன். வாடிய புங்கந்தழை ஒன்று விழுந்தது.