பனி படியாத கண்ணாடி

"அந்த ஜன்னல்ல மட்டும் உளி வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

இரண்டு கையையும் விரித்து ஜன்னலை மறித்து நின்றாள் அந்த வீட்டு அம்மா. கண்ணாடிக்காரர் உளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இருபது வருஷத் தொழிலில் நாய்க்குப் பயந்து வாசலிலேயே நின்றிருக்கிறார். ஒரு கண்ணாடிக்குக் காவல் நிற்கும் பெண்ணை இப்போதுதான் பார்க்கிறார்.

வீட்டில் மொத்தம் எட்டு ஜன்னல். மரச்சட்டங்கள் பழையவை, ஆனால் கல் மாதிரி இருந்தன. அதனால் சட்டத்தை அப்படியே விட்டு, ஒற்றைக் கண்ணாடியைக் கழற்றி, குளிர் புகாத ரெட்டைக் கண்ணாடி பொருத்துவது என்று பேச்சு. ஏழு முடிந்துவிட்டது. பின்னறையில் இருந்த இதுதான் பாக்கி.

"அக்கா, இது ஒண்ணை விட்டா போட்ட ஏழும் தண்டம். குளிர் பூரா இந்த வழியாத்தான் வரும். காலையில பனி படிஞ்சு, தண்ணியா வழிஞ்சு, பாருங்க, கீழ்ச்சட்டம் எப்படிக் கறுத்துப் போச்சுன்னு."

"கறுத்தா கறுக்கட்டும். எனக்கு அந்தப் பனிதான் வேணும்."

கண்ணாடிக்காரர் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மூலையில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"அவ அப்படித்தான் சொல்லுவா. நீங்க கழட்டுங்க தம்பி."

அவள் புருஷனை முறைத்தாள். திரும்பி, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வாயால் ஊதினாள். மங்கிய கண்ணாடியில் விரலால் எழுதிய கோடுகள் எழுந்து வந்தன. மாடிப்படி இறங்குவது போலச் சரிந்த எழுத்தில் 'அம்மா'. பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். அதில் ஒரு கண் பெரியது, ஒரு கண் சின்னது.

"என் பொண்ணு எழுதினது. ஆறு வயசு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னைக்குக் காலையில எழுதினா. போனவ வரல." மங்கல் மறைவதற்குள் இன்னொரு முறை ஊதினாள். "நாலு வருஷம் ஆச்சு. குளிர் வந்தா தினமும் காலையில வந்து என்னைக் கூப்பிடுறா. இதுல ஒரு துணி பட விட்டதில்ல நான்."

கண்ணாடிக்காரர் உளியைக் கீழே வைத்தார். அவர் வீட்டிலும் இரண்டு வாலுகள் உண்டு.

"சார், இதை விட்டுடலாமே. நான் காசைக் குறைச்சுக்கறேன்."

"முடியாது. சொன்ன வேலையைச் செய்ங்க."

சரியான கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கண்ணாடிக்காரர் யோசித்தார்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. இதைத் தூக்கிப் போட வேணாம். பட்டறைக்குக் கொண்டுபோய், இதையே வெளிக்கண்ணாடியா வெச்சு, எழுத்துக்கு இந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடி வெச்சு மூடிடறேன். ஓரத்தை மட்டும்தான் துடைப்பேன். அப்புறம் தூசி படாது, யார் கையும் படாது."

"காலையில எழுத்து தெரியுமா?"

தெரியும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரியாதுக்கா. நடுவுல ஈரமே இருக்காது. பனி படிஞ்சாத்தானே எழுத்து தெரியும்? ஆனா அது அங்கேயேதான் இருக்கும்."

"பனி படியவே படியாதில்ல?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"படியாது சார்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"ஒழுங்கா மூடினா இருபது வருஷம் தாங்கும்."

"அது போதும்."

"நீங்கல்லாம் ஒரு அப்பனா?" என்றாள் அவள்.

எழுத்து இருந்த இடத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு அவள் கண்ணாடிக்காரரிடம் திரும்பினாள். "அழியாதில்ல?"

"அழியாதுக்கா. நான் பொறுப்பு."

ஜன்னல் சட்டத்தில் ஒருமுறை கன்னத்தை வைத்து எடுத்தாள். பிறகு அறையை விட்டுப் போய்விட்டாள்.

சட்டத்தில் உளியை வைத்த கண்ணாடிக்காரருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எனக்கென்ன சார், கூலி வந்துடும். ஆனா பெத்தவளுக்கு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். இது கண்ணுல பட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

வீட்டுக்காரர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"பாப்பா எழுதினது அந்த வருஷமே அழிஞ்சு போச்சு தம்பி. விரல்ல சோப்பைத் தொட்டு, எழுத்து மங்க மங்க அவளுக்குத் தெரியாமத் திரும்ப எழுதிட்டு வர்றது நான்தான். எனக்கு இன்னும் ரெண்டு மாசம்னு டாக்டர் சொல்லிட்டார், அடுத்த குளிருக்கு எழுத ஆள் இல்ல."