உறைமோர்

கதவு இன்னும் பூட்டவில்லை.

பொத்தானை அவள் அழுத்தினால்தான் பூட்டும். அழுத்திவிட்டால், வேலை முடிந்து இருவரும் கையெழுத்துப் போடும்வரை திறக்காது. போன்கூட வெளியே தட்டில்தான் கிடக்கிறது. உள்ளே ஆளுக்கொரு மடக்குக் கட்டில், ஒரு கழிவறை, குடிதண்ணீர். இந்த ஆய்வகத்தின் விதி அப்படி. மென்பொருளைக் கட்டுகிறவர் ஒருவர், கண்ணால் பார்க்கிற சாட்சி ஒருவர்.

இன்றைய சாட்சி பூபதி. படிவத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு கட்டத்தைத் தவிர எல்லாம் நிரம்பிவிட்டன.

எந்தக் கம்பைலரை வைத்துத் தொடங்குகிறோம்?

மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திரத்துக்குப் புரியவைப்பது கம்பைலர். வேடிக்கை என்னவென்றால், இந்த ஆய்வகம் எழுதும் மொழியின் கம்பைலரும் அதே மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. புதியதைக் கட்டப் பழையது ஒன்று வேண்டும். தயிர் தோய்க்கக் கொஞ்சம் தயிர் வேண்டுமே, அது போல. ஆய்வகத்தில் அதற்கு உறைமோர் என்றே பெயர்.

அலமாரியில் இரண்டு குறுவட்டுகள்.

ஒன்றில், மூன்று வருடத்துக்கு முன் அவளே கட்டிய கம்பைலர். நாற்பது நிமிடத்தில் வேலை முடியும்.

இன்னொன்றில் மிகப் பழைய, மிகச் சின்னக் கம்பைலர். வேறு மொழியில் எழுதியது. அங்கிருந்து தொடங்கினால் பதினோரு படி ஏறவேண்டும். ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கட்டும். இரண்டு நாள் ஆகும்.

“நீங்க கட்டுனதே இருக்குதுங்களே மேடம். அப்புறம் என்னங்க யோசனை?”

அதுதான் யோசனை.

அதைக் கட்டிய அன்றைக்கு அவள் இதே பதினோரு படி ஏறினாள். ஏழாவதில் இயந்திரம் திணறியது. நினைவகம் போதாமல் நின்றது. மூன்று முறை நின்றது. சாட்சியாக வந்தவர் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இழுப்பறையில் பெயர் எழுதாத குறுவட்டு ஒன்று கிடந்தது. ஏழாவது கம்பைலர், ஆயத்தமாக. யார் கட்டியதோ.

அதைப் போட்டாள்.

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாம் மளமளவென்று முடிந்தன.

பதினோரு படியும் மூலநிரலிலிருந்தே கட்டியவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே ஒன்று போட்டார்.

அன்றைக்குக் கட்டியது காய்கறிக் கடைத் தராசுக்கு. வெண்டைக்காய் பத்து கிராம் கூடினால் யாருக்கு என்ன?

இன்றைக்குக் கட்டப்போவது குழந்தைகள் வார்டுக்கு. ஊசி வழியே மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் கருவிக்கு.

பெயரில்லாத அந்தக் குறுவட்டில் ஒரு கோளாறும் இல்லாமல் இருக்கலாம். இருந்தால், மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. அவள் படித்துவிட்டாள். மூன்று வருடமாகப் படிக்கிறாள். மூலநிரல் சுத்தம். கோளாறு உறையோடு வந்து, அடுத்த தயிருக்கும் உறையோடு போகும்.

அவளுக்குப் பயமாக இருந்தது.

கீழிருந்து ஏறினால் கடைசிப் படியில், கட்டிய கம்பைலருக்குக் கைரேகை போல ஓர் எண் வரும். இன்றைய இயந்திரம் பெரியது, ஏழாவதில் நிற்காது. அந்த எண்ணை அவளுடைய குறுவட்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு பூபதி ஒத்துப் பார்ப்பான். ஒத்துவந்தால் தப்பித்தாள். வராவிட்டால் பேரும் போச்சு, வேலையும் போச்சு. கதவு பூட்டியிருக்கும். எழுந்து ஓடக்கூட முடியாது.

ஏறாவிட்டால் யாருக்கும் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவள். சாப்பிடப்போவது வேறு யாரோ.

“மேடம்?”

கட்டத்தில் எழுதினாள். பூபதி எட்டிப் பார்த்தான்.

“பழசுங்களா? ரெண்டு நாள் ஆகுமேங்க.”

“போயி வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டு வந்துருங்க.”

போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அலுத்துக்கொண்டே கட்டிலை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். கதவு பூட்டிக்கொண்டது.

“பூபதி.”

“சொல்லுங்க மேடம்.”

“எப்ப வேணும்னாலும் தூங்கிக்கங்க. ஏழாவது படிக்கு மட்டும் என்னோட முழிச்சிருங்க.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

விரித்த கட்டிலை மடக்கி வைத்துவிட்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.