ஜொம்ரே அக்காவின் காலைச் சாப்பாடு

கொரியாவின் ஜொன்ஜு நகரச் சந்தையில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடைக்குள் காலை வெயில் மூன்றாவது மேசை வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே ஜொம்ரே அக்காவும் அவள் புருஷன் சாங்சிக்கும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் அவருக்கு வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் கொண்டுவந்து வைத்த சோயா முளைப்பயறு சூப், சோற்றோடும் மேலே உடைத்து ஊற்றிய முட்டையோடும் இருவர் முன்னாலும் மண்சட்டிகளில் தளதளவென்று கொதிக்கிறது. அக்கா தன் சட்டியிலிருந்து ஊதி ஊதிச் சாப்பிடுகிறாள். அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்க்கிறார்.

"நான் ஊட்டிவிடட்டுமா அக்கா?"

"வேணாம்டி. ஆறிப்போச்சு, ஆறிப்போச்சுன்னு முப்பது வருஷம் என் மேல சட்டியைத் தூக்கி எறிஞ்சவரு. இன்னிக்குச் சூடா இருக்கு. அவரே சாப்பிடட்டும்."

அவர் இடக்கையால் கரண்டியைத் தூக்குகிறார். அது நடுங்கி, பாதி வழியில் கவிழ்ந்து, சூப் அவர் மடியில் கொட்டுகிறது. அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வருகிறது. பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் சூப்பை உறிஞ்சுகிறார்கள். நானும் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்கிறேன். அவர் சட்டியில் ஆவி அடங்கி, மேலே முட்டை வெளுத்து உறைகிறது. அக்கா தன் சட்டியைச் சாய்த்து அடிவரைக்கும் குடித்து முடிக்கிறாள். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, ஒரு பருக்கைகூடப் படாத அவர் உதடுகளை ஒற்றி ஒற்றித் துடைக்கிறாள்.

"வயிறு நெறஞ்சுதாங்க?" என்று கடைக்கே கேட்கும்படி கேட்கிறாள்.