ஒரு விரல் உயரம்

பல் டாக்டர், கடைவாய்ப்பல்லைப் பிடுங்குவதுபோலத் தன்னைத் தானே காரிலிருந்து பிடுங்கி எடுத்து, டயர்க்கடை வாசலில் நிறுத்தினார்.

"பெரிய சக்கரம், பெரிய டயர். வண்டி உசரணும். ஆனா பார்வைக்கு அதே மாதிரி இருக்கணும்."

டயர்க்கடைக்காரர் வாயில் பாதிப் பற்கள் டாக்டர் வைத்தவை. முடியாது என்று சொல்ல அந்த வாய் வராது.

"இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்க இன்னும் இறக்கித் தரச் சொல்லித்தான் டாக்டர் கேப்பாங்க. பெரிய சக்கரம் போட்டாலும் டயரை மெலிசாக்கிடுவோம், உசரம் அதேதான். எல்லாம் அழகுக்கு."

"அழகு என் வீட்ல இருக்கு. நீ உசரத்தைச் சொல்லு."

"மிஞ்சிப் போனா ரெண்டு விரல் உசத்தலாம்" என்றபடி கடைக்காரர் அளவு டேப்பைத் தேடப் போனார்.

அந்தக் கார் அவ்வளவு தாழ்வு. சிக்னலில் நின்றால் தெருநாய் குனிந்து பார்த்துவிட்டுப் போகும். ரோட்டில் கிடக்கும் காசு தலையா பூவா என்று டாக்டர் சீட்டிலிருந்தே சொல்லிவிடுவார். ஒருமுறை ரயில்வே கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் கேட் மூடியிருந்ததே அவருக்குத் தெரிந்தது. இதை நம்பாதவர்களுக்கு அவர் பல்வலிக்கு மருந்துகூடச் சொல்வதில்லை.

ஓய்வு பெற்ற அன்று வாங்கிய கார். இரண்டே சீட். சிவப்புதான் வேண்டும் என்று அடம் பிடித்தது அவர் மனைவி. ஞாயிறு தவறாமல் ஏரிக்கரை வரை இருவரும் போய் வருவார்கள்.

இப்போது சில ஞாயிறுகளாக அவள் வருவதில்லை. ஒரு வாரம் தலைவலி. அடுத்த வாரம் துணி காயவில்லை. போன வாரம் காரணம் சொல்லவும் சலித்துக்கொண்டாள்.

காரணம் அவருக்குத் தெரியும். கடைசியாகப் போனபோது முட்டி மடக்க வராமல், இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் கையை நீட்டினார். "நான் என்ன மூட்டையா?" என்று தட்டிவிட்டாள். கை கொடுத்தால் பிடிக்கிற ஜென்மம் இல்லை அவள்.

காரை விற்கலாம். விற்றால், தன்னால்தான் விற்றார் என்று அவளுக்குச் சோறு இறங்காது.

வேலை பார்த்த காலமெல்லாம் காலால் ஒரு மிதி மிதித்து ஊராரை நாற்காலியோடு உயர்த்தியவர். கட்டிய பெண்டாட்டியை இரண்டு விரல் உயர்த்த முடியாதா?

அவளுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அவருடைய முட்டி தேறியதுபோலத் தன் முட்டியும் தேறிவிட்டது என்று அவள் நினைக்க வேண்டும்.

ஆம், ஒரு மாதமாக அவருக்கு முட்டி தேறியிருந்தது. காலையில் அவள் எழுவதற்கு முன்பே ஐம்பது தடவை உட்கார்ந்து எழுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஐம்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை, அவர் உட்பட. ஆனால் காரிலிருந்து இறங்குவது நிஜமாகவே முன்னைவிடச் சுலபமாகிவிட்டதால், தன் பொய்யை அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

கடைக்காரர் குந்தி உட்கார்ந்து அளந்தார். டயரின் பக்கவாட்டு எண்ணைப் படித்தார். தலையைச் சொறிந்தார்.

"ஒரு விரல்தான் டாக்டர் உசரும். அதுவும் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உரசும்."

"இப்பதானே ரெண்டுன்னே?"

"அதுல ஒண்ணு ஏற்கெனவே உசந்தாச்சே."

டாக்டருக்கு விளங்கவில்லை. கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சொல்லாம சமாளிச்சிடலாம்னு பார்த்தேன். இந்த டயர் நம்ம கடையில போட்டதுதான். நீங்க போன மாசம் உங்க தம்பி வீட்டுக்குப் போயிருந்தப்ப அம்மா ஓட்டிட்டு வந்தாங்க. இறங்கறப்ப நீங்க முனகறதைக் கேக்க முடியலன்னாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

அப்புறம் இன்னும் தாழ்ந்த குரலில்:

"அவங்க இறங்கவே இல்ல டாக்டர். இறங்கினா மறுபடி ஏற முடியாதாம். வண்டியோட சேர்த்துத்தான் ஜாக்கி போட்டுத் தூக்கினோம்."

பிறர் வாயையே திறக்கச் சொல்லிப் பழகியவர், திறந்த தன் வாயை மூட மறந்து நின்றார்.

"மீதி ஒரு விரலையும் போடு" என்றார் கடைசியில். "நான் ஒடிக்காம ஓட்டிக்கறேன்."

ஞாயிறன்று கெஞ்சிக் கூத்தாடி அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார்.

அவள் தானாகவே இறங்கினாள். நின்றாள். சக்கரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, என் முட்டியும் தேறிடுச்சு போலிருக்கே?"

"நான் பண்ற எக்சர்சைஸ், பக்கத்துல படுத்திருக்கற உனக்கும் கொஞ்சம் போய்ச் சேருமில்ல?"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நாளைலேருந்து நானும் உங்களோட சேர்ந்து பண்றேன்" என்றாள்.

மறுநாள் காலை, வேறு வழியில்லாமல், கூடத்தில் இருவரும் எதிரெதிரே நின்று மெல்ல உட்கார்ந்தார்கள்.

முதல் தடவையோடு சரி. எழ இரண்டு பேராலும் முடியவில்லை. இந்த உயரத்துக்கு எந்தக் கடையிலும் டயர் கிடையாது.



பிறகு அவள் கையை நீட்டினாள்.